பாட்டியின் முகத்தைக் கண்ணிலிருந்து தொடங்காதீர்கள்

உருவப்படம் வரைய உட்காரும் மாணவர் பெரும்பாலும் கண்ணில்தான் தொடங்குகிறார். ஒரு கண்ணை வரைந்து, கருவிழியில் ஒளிப்புள்ளி வைத்து, இமை மயிர்களை ஒவ்வொன்றாக இழுத்து முடித்ததும் அந்தக் கண் உயிரோடு பார்ப்பதுபோல் இருக்கும். அடுத்த கண் சற்று மேலே போய்விடும். மூக்குக்கு இடம் போதாது. வாய் வந்து சேரும்போது முகவாய்க்குத் தாளில் இடம் இருக்காது. உறுப்புகள் தனித்தனியே அழகாக இருக்கும். வரைந்தது யாரென்று மட்டும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. “யாரு கண்ணு இது, சினிமா நடிகையா?” என்று உட்கார்ந்து கொடுத்த பாட்டியே கேட்பார்.

இடைநிலைப்பள்ளியில் காட்சிக் கலைக் கல்வி எடுத்திருக்கும் மாணவர்களுக்கும், பள்ளி முடித்த பிறகு வண்ணத்தைத் தொட ஆசைப்படும் இளையோருக்கும் சொல்ல விரும்புவது ஒன்றுதான். முகம் என்பது கண், மூக்கு, வாய் என்ற உறுப்புகளின் தொகுப்பு அல்ல. வெளிச்சம் படும் பக்கமும் படாத பக்கமும் சேர்ந்த ஓர் உருண்டை அது. அந்த இரண்டு பக்கங்களையும் சரியான இடத்தில் வைத்துவிட்டால், கண் வரைவதற்கு முன்பே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஈப்போவில் இருப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கப் பழைய நகரப் பகுதிக்குப் போனால் போதும். லித்துவேனியாவில் பிறந்த ஓவியர் எர்னஸ்ட் ஸாக்கரெவிச் 2014இல் அங்கே சுவர்களில் வரைந்த ஓவியங்களில் ஒன்று, காப்பிக் கோப்பையை உயர்த்திக் குடிக்கும் முதியவர். சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். கருமையான திட்டு எது, வெளிச்சமான திட்டு எது என்பது மட்டுமே தெரியும். ஆனாலும் அவர் முதியவர், குடித்துக்கொண்டிருக்கிறார் என்பது புரியும். வெயிலும் மழையும் நிறத்தை மங்கச் செய்தாலும் உருவம் நிற்பது அந்தத் திட்டுகளால்தான்.

வரைவதற்கு யாரைத் தேர்ந்தெடுப்பது? பலர் நடிகர் படத்தை எடுத்துக்கொள்கிறார்கள். நான் வீட்டிலுள்ள பெரியவரைத்தான் சொல்வேன். பேராவில் அதற்கு ஓர் அவசரமும் இருக்கிறது. ஹியூ லோ பேராவின் பிரிட்டிஷ் ஆட்சி ஆலோசகராக இருந்த காலத்தில், 1877இல் வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்று கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே பெரிய மரமாக இன்றும் நிற்கிறது. பார்க்க வருபவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதன் பிறகு வளர்ந்த கித்தா காடுகளில், விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்களின் படம் எத்தனை வீட்டில் இருக்கிறது? பல குடும்பங்களில் தாத்தாவின் இளவயது முகம் மிஞ்சியிருப்பது பழைய அடையாள அட்டையில் மட்டும்தான். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, நாட்டுப் பதிவு தொடங்கியபோது எடுத்த வழக்கம் அது. தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு வெள்ளைப் படம், நேரே பார்க்கும் முகம், புன்னகை கிடையாது.

இப்போது சுங்கை சிப்புட்டிலிருந்து சுங்காய் வரை அந்தத் தோட்டங்களில் பல செம்பனையாகவோ குடியிருப்பாகவோ மாறிவிட்டன. மங்கைத் துடைத்துப் பால் எடுத்த கைகளுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்கள் உங்கள் வீட்டு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சாதாரண மக்களின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைவது நம் நாட்டுக்குப் புதியதும் அல்ல. ஜாவாவின் போகோரில் பிறந்து இங்கே வந்து, மலேசிய உருவப்படக் கலையின் முன்னோடியாக மதிக்கப்படும் ஹுசேன் இனாஸ், 1960களின் தொடக்கத்தில் ஷெல் நிறுவனத்துக்காக நாடெங்கும் பல இன மக்களின் முகங்களை வரைந்தார். அரச குடும்பத்தினரை வரைந்த அதே கைதான் அதையும் செய்தது.

அஞ்சடி வெளிச்சம்

தூரிகையை எடுப்பதற்கு முன் ஆளை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடுகிறது. வரவேற்பறையில், தலைக்கு மேலே குழல் விளக்கு எரியும் இடத்தில் உட்கார வைத்தால் கண்குழி இரண்டும் இருண்டு, மூக்கின் கீழே மீசைபோல நிழல் விழும். நேர் வெயிலில் உட்கார வைத்தால் கண்ணைச் சுருக்குவார்.

நமக்குத் தோதான இடம் அஞ்சடி. பழைய லயத்து வீட்டின் முன்னாலும் இருந்தது. ஈப்போ கடைவீடுகளின் முன்னால் இன்றும் இருக்கிறது. தாமான் வீடுகளில் கார் நிறுத்தும் கூரையடி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த வானம். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் அங்கே நேர் வெயில் விழாத இடமாகப் பார்த்து, பாட்டியைப் பக்கவாட்டாகத் திருப்பி உட்கார வையுங்கள். முகத்தின் ஒரு பாதி மென்மையாக ஒளிரும். மறுபாதி நிழலில் இருக்கும். மாலையில் செய்யலாம் என்றால் பேராவின் பிற்பகல் மழை கெடுத்துவிடும்.

“பாட்டி, ஒரு இருபது நிமிஷம் அப்படியே உட்காருங்க” என்று கேளுங்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள். முதுகு வலிக்கும். நாற்காலிக் கால்கள் நின்ற இடத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் எந்தத் தூணை, எந்தப் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். மறுநாள் அதே நேரம், அதே இடம். நான்கு காலை உட்கார்ந்தால் ஒரு சிறிய படத்துக்குப் போதும். அந்த நேரத்தில் பேசவிடுங்கள். பேசும் முகம் அசையும்தான், ஆனால் வாயை இறுக்கி மூடி உட்கார்ந்தால் அது அடையாள அட்டை முகமாகிவிடும்.

கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும், சில எச்சரிக்கைகளோடு. கைநீளத்தில் நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். இரண்டு மீட்டர் பின்னால் போய், கண் மட்டத்தில் பிடித்து, பெரிதாக்கி எடுங்கள். பிளாஷ் வேண்டாம், அது நிழலை அழித்து முகத்தைத் தட்டையாக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், முகத்தை அழகாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது பாட்டியின் சுருக்கங்களைத் துடைத்து, நிறத்தையும் வெளுத்துவிடும். நாம் வரைய வந்ததே அந்த இரண்டையும்தான்.

அளப்பது

கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள். பென்சில் முனை உச்சந்தலையில், கட்டைவிரல் முகவாயில். இதுதான் தலையின் உயரம். இப்போது கண்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஏறக்குறைய நடுவில் இருக்கும். நெற்றி சிறியது என்ற நினைப்பில் கண்ணை மேலே ஏற்றி வைப்பதுதான் தொடக்கநிலையில் எல்லாரிடமும் காணும் பிழை. இரண்டு கண்களுக்கு இடையில் இன்னொரு கண் வைக்கும் அளவு இடைவெளி. புருவத்துக்கும் முகவாய்க்கும் நடுவில் மூக்கின் அடி. புருவத்திலிருந்து மூக்கின் அடிவரை காது. பாடநூலில் இந்த அளவுகள் இருக்கும்.

ஆனால் பாடநூல் அளவு நடுவயது முகத்துக்கானது. வயதானவர்களிடம் அது பொருந்தாது என்பதைப் புத்தகங்கள் அடிக்கடி சொல்ல மறந்துவிடுகின்றன. பல் விழுந்தவருக்கு மூக்குக்கும் முகவாய்க்கும் இடையிலுள்ள தூரம் குறைந்துவிடும். உதடு உள்ளே மடங்கும். மூக்கு நுனி சற்றுக் கீழிறங்கும். கனமான தோடு பல வருடம் தொங்கிய காது மடல், மூக்கின் அடியைத் தாண்டித் தொங்கும். இவற்றை அளந்து வரைந்தால்தான் அவர் உங்கள் பாட்டி. புத்தக அளவுக்குத் திருத்தினால் யாரோ ஒரு பாட்டி.

தாத்தா காலமாகிவிட்டார், அட்டைப் படம் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்குக் கட்டம் போடும் முறை கைகொடுக்கும். படத்தை நகலெடுத்துப் பெரிதாக்குங்கள். அட்டையிலுள்ள எண் நகலில் வராமல் முகத்தை மட்டும் எடுப்பது நல்லது. நகலின் மேல் 2 செண்டிமீட்டர் கட்டங்கள், கேன்வாஸில் 6 செண்டிமீட்டர் கட்டங்கள் என்று போட்டு, கட்டம் கட்டமாக மாற்றினால் மூன்று மடங்கு பெரிய வரைவு கிடைக்கும். இதைக் காப்பியடிப்பது என்று சிலர் இகழ்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல நூற்றாண்டுகளாக ஓவியர்கள் சுவருக்குப் படத்தை ஏற்றியது இப்படித்தான். அட்டைப் படத்தில் நிழல் சரியாகத் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. தாத்தாவின் சாயல் உள்ள மாமாவையோ சித்தப்பாவையோ அஞ்சடியில் உட்கார வைத்து, வெளிச்சம் எப்படி விழுகிறது என்று அவர் முகத்தில் படித்துக்கொள்ளலாம்.

வெள்ளைத் தாள் செய்யும் வேலை

நம் பிள்ளைகளின் படங்களில் பாட்டிகள் எல்லாரும் இரண்டு மூன்று நிறம் வெளுத்துப்போய் இருப்பார்கள். விரும்பிச் செய்வது அல்ல; வெள்ளைத் தாள் செய்வது. பளீரென்ற வெள்ளையில் மாநிறத்தின் முதல் தீற்றலை வைத்ததுமே அது கன்னங்கரேலென்று தோன்றும். “ஐயோ, அதிகமாகிவிட்டது” என்று வெள்ளையைக் கலக்கிறோம். முகம் முழுவதும் அப்படியே போகிறது. கடையில் ‘தோல் நிறம்’ என்று விற்கும் இளஞ்சிவப்பு வண்ணக்கோல் வேறு சிறுவயதிலிருந்தே நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. அது யாருடைய தோல் என்று கேட்கத் தோன்றியதா?

ஆகவே, முதலில் வெள்ளையைக் கொல்லுங்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தைத் தண்ணீரில் கரைத்து, கேன்வாஸ் அட்டை முழுவதும் அகலத் தூரிகையால் ஒருமுறை பூசி உலரவிடுங்கள். இந்த இடைநிறத்தின் மேல் வைத்தால்தான் எது கருமை, எது வெளிச்சம் என்று கண் நேர்மையாகச் சொல்லும்.

நிறக்குழாய் நிறைய வேண்டாம். யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், வெள்ளை ஆகிய நான்கு, கூடவே கொஞ்சம் சிவப்பு. சுவீடனின் புகழ்பெற்ற உருவப்பட ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன், ஓக்கர், சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்ற நான்கே நிறங்களில் முகம் வரைந்ததற்காக இன்றும் பேசப்படுகிறார். நம் தோலுக்குக் கறுப்புக் குழாயை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓக்கரோடு சேர்ந்தால் பாசி நிறம் காட்டும். சியன்னாவையும் அல்ட்ராமரினையும் கலந்தாலே ஏறக்குறைய கறுப்பு வரும். சியன்னா கூடினால் சூடான கருமை, நீலம் கூடினால் குளிர்ந்த கருமை. வெளிச்சப் பகுதிக்கு வெள்ளையை மட்டும் சேர்த்தால் தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். ஓக்கரையும் துளி சிவப்பையும் கூடவே சேர்க்க வேண்டும்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். கருத்த தோலில் ஒளி வெள்ளைத் தோலைவிடக் கூர்மையாகப் பளிச்சிடும். அஞ்சடியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் விழும் பளபளப்பு வானத்தின் நிறம். லேசான நீலச் சாம்பல். நிழல் பக்கத்தில் தாடைக்குக் கீழே பார்த்தால் தரையின் நிறம் மேலே ஏறியிருக்கும். சிவப்புச் சிமெண்டுத் தரையானால் செம்மை நன்றாகவே தெரியும். வெளிச்சம் குளிர்ச்சி, நிழல் சூடு. இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் இது தலைகீழாகும்.

இதை வண்ணத்தில் பார்க்க விரும்புவோர் தமிழகத்தின் இளையராஜாவைத் தேடிப் பார்க்கலாம். இசையமைப்பாளர் அல்லர், கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியம் படித்தவர், 2021 ஜூனில் கொரோனாவுக்குப் பலியானவர். கதவோரத்திலும் சன்னலோரத்திலும் நிற்கும் கிராமத்துப் பெண்களின் மாநிறத்தை வெளுக்காமல் வரைந்தார். அவரது ஒரு படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி, கன்னத்தில் எத்தனை நிறங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அழகில்லாத முதல் மணி நேரம்

இனி வேலை. உலர்ந்த செம்பழுப்பின் மேல், மெல்லிய தூரிகையால் தலையின் உயரத்துக்கும் அகலத்துக்கும் நான்கு குறிகள். கண் வரி, மூக்கடி வரி, வாய் வரி. அவ்வளவுதான் கோடு. பிறகு ஒரு அங்குலத் தட்டைத் தூரிகையை எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நிழல் பக்கம் முழுவதையும் ஒரே கருமையால் நிரப்புங்கள். கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், மேலுதடு, தாடைக்கீழ், கழுத்து ஆகியவை தனித்தனி அல்ல. ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே திட்டு. சின்னத் தூரிகை இந்த நேரத்தில் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

அடுத்து வெளிச்சப் பக்கம். நெற்றி, கன்னம், மூக்கு, முகவாய் என்று பலகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இங்கே ஒரு விதியை மட்டும் மனத்தில் வையுங்கள்: நிழலில் உள்ள மிக வெளிச்சமான இடம்கூட, வெளிச்சத்தில் உள்ள மிகக் கருமையான இடத்தைவிட மங்கலாகவே இருக்க வேண்டும். இதை மீறினால் முகம் அழுக்குப் பட்டதுபோல் ஆகும். கண்ணின் வெள்ளையை வெள்ளை என்று வரைவதும் அப்படித்தான். இமையின் நிழலில் அது சாம்பல். நரைத்த தலையும் பெரும்பாலும் சாம்பல்தான். வெள்ளைத் தீற்றல் இரண்டு மூன்று போதும்.

இந்தக் கட்டத்தில் படம் அசிங்கமாக இருக்கும். முகமூடி மாதிரி, மரத்தில் வெட்டிய மாதிரி. பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான். பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள்; படத்தைத் தலைகீழாக வைத்தும் பாருங்கள். தலை சாய்வும் கன்னத்தின் ஒடுக்கமும் சரியாக இருந்தால் தொடரலாம். கோணல் என்றால் திருத்த இதுவே நேரம். இமை மயிர் வரைந்த பிறகு மனம் வராது. கண்ணும் உதடும் சுருக்கங்களும் இதற்குப் பிறகுதான். சுருக்கத்தைக் கோடாக இழுக்காதீர்கள். அது ஒரு சிறு பள்ளம். ஒரு கரை வெளிச்சம், மறு கரை நிழல்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. தொடங்குபவர்களுக்கு அக்ரிலிக் போதும். ஆனால் நம் வெப்பத்தில், காற்றாடியின் கீழே, சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்த சமையலறைக் காகிதத்தை விரித்து, அதன் மேல் பேக்கிங் தாளை வைத்து அதில் வண்ணம் கலந்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். உலர்ந்ததும் நிறம் சற்றுக் கருக்கும் என்பதால் துண்டுத் தாளில் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வண்ணம் நிதானமாகக் கலக்க ஏற்றது, உலர நாள்கணக்காகும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்துவிட்டு எறிய வேண்டும்.

இந்த நுட்பங்களெல்லாம் இன்று காணொலிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் எண்ணெய் வண்ணம் ரகசியமாக இருந்தது. திருவனந்தபுரம் அரண்மனையில் இளம் ரவிவர்மாவுக்கு அதைக் கற்பிக்க, மதுரையிலிருந்து வந்த அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் வந்து சொல்லிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் அரண்மனைக்கு வந்த டென்மார்க் ஓவியர் தியோடர் யென்சனும் பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தாராம். இன்றைய காணொலிக்கு வேறொரு குறை. பத்து மணி நேர வேலையை ஒரே நிமிடத்தில் ஓட்டிக் காட்டும்போது, அந்த அசிங்கமான கட்டம் இரண்டு நொடியில் மறைந்துவிடுகிறது. தனக்கு மட்டும்தான் அப்படி வருகிறது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்கிறார்.

மேலே படிக்க விரும்புவோருக்கு எஸ்.டி.பி.எம். தேர்விலும் காட்சிக் கலை ஒரு பாடமாக உண்டு. பேராவிலேயே தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கலைக்கல்வி ஆசிரியர் பட்டப்படிப்பு இருக்கிறது. எதற்கு விண்ணப்பித்தாலும் நேர்முகத்தில் படத்தொகுப்பு கேட்டால், நடிகர் படங்கள் பத்தைவிட, ஆளைப் பார்த்து வரைந்த பாட்டி ஒருவர் அதிகம் பேசுவார்.

படம் முடிந்ததும் முன்பக்கம் உங்கள் கையெழுத்தைச் சிறிதாகப் போடுங்கள். பிறகு அட்டையைத் திருப்பி, உலர்ந்த பின்புறத்தில் பாட்டியின் முழுப்பெயர், வயது, வரைந்த தேதி, அவர் மரம் வெட்டிய தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று எழுதுங்கள். வருடங்கள் உங்களுக்குத் தெரியாது. அவரிடம்தான் கேட்க வேண்டும்.